கூஃபி பார்த்த கண்ணாடி

டிஸ்னியின் ‘லோன்சம் கோஸ்ட்ஸ்’ (1937) கார்ட்டூனில் கூஃபி கண்ணாடியைப் பார்க்கிறான். உள்ளிருந்து ஒரு பேய் அவன் செய்வதையெல்லாம் அப்படியே செய்து காட்டுகிறது. பார்த்தவுடன் ‘இது மார்க்ஸ் சகோதரர்களின் டக் சூப்’ என்று சொல்லத் தோன்றும். அந்தப் படம் 1933. காலம் பொருந்துகிறது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

1921-லேயே பிரெஞ்சு நகைச்சுவை நடிகர் மாக்ஸ் லிண்டர் இந்தக் கண்ணாடிக் கூத்தை எடுத்துவிட்டார். அதற்கும் முன்பு, 1916-ல், சாப்ளின் தன் சாயலில் இருக்கும் ஒருவரை எதிரில் பார்த்துக் கண்ணாடி என்றே மயங்குகிறார். லிண்டரை மறந்துவிட்டு எல்லாவற்றையும் மார்க்ஸ் சகோதரர்கள் கணக்கில் எழுதுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஒரு படம் இன்னொன்றை வேண்டுமென்றே சுட்டிக்காட்டினால் அதற்குத் தடயம் இருக்கும். டக் சூப்பில் மார்க்ஸ் சகோதரர்களான க்ரௌச்சோவுக்கும் ஹார்போவுக்கும் ஒரே மாதிரி இரவுச் சட்டை, ஒரே மீசை. கீழே விழுந்த தொப்பியை ஒருவர் எடுத்து மற்றவரிடம் கொடுக்கிறார், பிம்பம் என்பதையே மறந்து! கூஃபியிடம் இதில் ஒன்றும் இல்லை. 1955-ல் ‘ஐ லவ் லூசி’ தொலைக்காட்சித் தொடரில் ஹார்போ வேடமிட்டு ஹார்போவின் முன்னாலேயே லூசி நின்றாரே, அதுதான் வேண்டுமென்றே சுட்டிக்காட்டுவது.