பாட்டி வீட்டு இரும்புப் பெட்டி

"அண்ணே, தோட்டப் பக்கம் போனா பழைய பிரென் கன் பெட்டி கிடைக்குமான்னு பாருங்க."

இங்கிலாந்தில் வேலை செய்யும் என் சித்தப்பா மகனின் வேண்டுகோள் இது. செயலிழக்கச் செய்த பழைய இராணுவ இயந்திரத் துப்பாக்கிகளைச் சேர்ப்பது அவனுடைய பொழுதுபோக்கு. குழலை அடைத்து, உள்பாகங்களை வெட்டி, இனிச் சுட முடியாது என்று சான்றிதழ் கொடுத்த பிறகே அங்கே விற்பார்கள். துப்பாக்கி கிடைத்துவிடுமாம். அதோடு வந்த அசல் முக்காலி, தோள்வார், மேகஸின் பெட்டி ஆகியவற்றுக்குத்தான் அலைச்சல்.

நம் நாட்டில் இந்த ஆசை செல்லாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். அசல்போல் தோன்றும் போலித் துப்பாக்கியும் வம்புதான். காலிப் பெட்டிதானே என்று ஒரு சனிக்கிழமை கோலா சிலாங்கூருக்குக் கிளம்பினேன்.

முதலில் புக்கிட் மெலாவத்தி. 1784இல் டச்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். கடலைப் பார்த்து நிற்கும் பழைய பீரங்கிகள் மீது பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். பக்கத்தில் லோத்தோங் குரங்குகள் கடலைக்குக் கை நீட்டுகின்றன. 1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியர் சிறு படகுகளில் இந்தக் கரையில் இறங்க முயன்றபோது பிரிட்டிஷ் பீரங்கிகள் விரட்டின. ஆனால் அடுத்த சில நாள்களில் சண்டை உள்ளே பத்தாங் பெர்ஜுந்தை வரை வந்துவிட்டது.

நானும் அந்தப் பக்கமே காரைத் திருப்பினேன். இன்று அந்த ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா. 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தெனமாரம் உருவானது இந்த வட்டாரத்தில்தான். பால்மரம் குறைந்து, லயங்கள் பல காலியாகி, கோயில் மட்டும் நிற்கும் இடங்களைக் கடந்து போனேன்.

தெரிந்தவர் ஒருவர் எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டியின் வீட்டுக்கு அழைத்துப் போனார். கட்டிலுக்கு அடியில் பச்சைச் சாயம் உரிந்த இரும்புப் பெட்டி. பன்னிரண்டு பிரென் மேகஸின்களை வைக்கும் அதே பெட்டி! அவசரகாலத்தில் தோட்டத்தில் தங்கிய பட்டாளம் விட்டுப் போனதாம்.

"அப்ப லயத்தச் சுத்தி முள்ளுக்கம்பி, தம்பி. பொழுது சாஞ்சா கேட்ட பூட்டிருவாங்க. அப்பா இதுல பால் வெட்டுற கத்திய வச்சிருந்தாரு."

திறந்து காட்டினார். அப்பாவின் பழைய அடையாள அட்டை, அம்மாவின் சிவப்பு அட்டை, தமக்கு நீல அட்டை கிடைக்கும்வரை அலைந்த கடிதங்கள். அடையாள அட்டையே 1948இல் அவசரகாலத்தின்போது வந்ததுதான். துப்பாக்கிக்குச் செய்த பெட்டி, இந்த மண்ணில் வாழ்ந்ததற்கான சாட்சியைக் காத்துக்கொண்டிருந்தது.

விலை கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாட்டியின் அனுமதியோடு அவர் குரலைப் பதிவு செய்து தம்பிக்கு அனுப்பினேன். இரவு பதில் வந்தது: "நம்ம தாத்தாவோட கார்டு யாருகிட்டண்ணே இருக்கு?"

அம்மாவைக் கேட்டேன். பெரியப்பாவைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

வாரக் கடைசியில் கோலா சிலாங்கூர் போங்கள். மலையைப் பாருங்கள், மின்மினியைப் பாருங்கள். திரும்பி வந்ததும் உங்கள் வீட்டுப் பழைய பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.