பொது ரகம்

தஞ்சாவூரில் கும்பகோணம் பஸ் ஏறினால், இடது பக்கம் ஜன்னலோர ஸீட்டாகப் பார்த்துப் பிடியுங்கள். நாற்பது கிலோமீட்டர்தான். பசுபதிகோயில், அய்யம்பேட்டை, பாபநாசம், சுந்தரப்பெருமாள்கோயில், தாராசுரம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து போகும். நடுநடுவே பச்சை. வெளியூர்க்காரர்கள் "ஆஹா!" என்று செல்போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார்கள். உள்ளூர்க்காரர்கள் தூங்குவார்கள். யார் டெல்டாக்காரர் என்று கண்டுபிடிக்க ஆதார் கார்டெல்லாம் வேண்டாம், இது போதும்.

எங்கள் ஊர் இந்த ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. பேரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. யாரும் சினிமா எடுக்க வந்ததில்லை. கல்வெட்டு கிடையாது. பாடல் பெற்ற ஸ்தலமும் இல்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் பாடல் பெறாத ஊராக இருப்பதற்கே ஒரு தனி சாமர்த்தியம் வேண்டும்!

ஊருக்கு ஏற்ற பிள்ளையாகத்தான் நானும் வளர்ந்தேன். நாற்பத்தாறு பேர் படித்த வகுப்பில் இருபத்து மூன்றாவது ராங்க். முதல் பெஞ்சுக்குப் பரிசு கிடைக்கும், கடைசி பெஞ்சுக்கு உதை கிடைக்கும். நடு பெஞ்சுக்கு? அட்டெண்டன்ஸ் மட்டும். கல்யாண வீடுகளில் யாராவது "தம்பி எப்படிப் படிக்குது?" என்று அப்பாவைக் கேட்பார்கள். அப்பா பொய் சொல்லாத மனுஷர். "படிக்குது" என்பார். அவ்வளவுதான். முன்னால் 'நல்லா'வும் கிடையாது, 'சுமாரா'வும் கிடையாது.

அறுவடை முடிந்ததும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல் போகும். குவியலுக்குப் பக்கத்தில் காவல் என் வேலை. அங்கே நெல்லில் இரண்டே ஜாதிதான். சன்ன ரகம், பொது ரகம். அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுக்க வேண்டும். 2.5 அல்லது அதற்கு மேல் வந்தால் சன்னம். குறைந்தால் பொது. எங்கள் வயல் பள்ளம், மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். அதற்குத் தோதான சி.ஆர். 1009-தான் சம்பாவுக்குப் போடுவோம். குண்டு அரிசி. பட்டியல் எழுதுகிறவர் "பொது ரகம்" என்று சொல்லும்போதெல்லாம், நெல்லைப் பார்த்துச் சொல்கிறாரா, பக்கத்தில் நிற்கிற என்னைப் பார்த்துச் சொல்கிறாரா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கும்.

2008-ல் ப்ளஸ் டூ முடித்தேன். மார்க் ஷீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த சித்தப்பா, "பி.காம். போட்டு விடுங்கண்ணே. எங்கயாவது கணக்கு எழுதியாவது பொழைச்சுக்கும்" என்றார். அந்த இரண்டு 'யாவது'களோடு நான் போய்ச் சேர்ந்த இடம், கும்பகோணம் அரசினர் கலைக் கல்லூரி.

கும்பகோணத்தை நீங்கள் முதல் தடவை பார்ப்பதானால், கல்லூரிக்கு முன்னால் வேறொரு இடத்துக்குப் போக வேண்டும். சாரங்கபாணி சன்னதித் தெரு. கோபுரத்தை எதிரே வைத்துக்கொண்டு நடந்தால், திண்ணை வைத்த சின்ன ஓட்டு வீடு ஒன்று வரும். கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. 2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிப் பராமரிக்கிறது. உள்ளே தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், ஒரு கட்டில். இரண்டு நிமிஷத்தில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் சீக்கிரம் வெளியே வர மனசு வராது. அவருடைய அப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். அந்த வீட்டில் எனக்குப் பிடித்த தகவல் அதுதான். சித்தப்பா சொன்ன அதே வேலை!

வெளியே வந்து ஒரு டிகிரி காபி சாப்பிடுங்கள். கும்பகோணத்தில் அரியர் இல்லாமல் கிடைக்கிற ஒரே டிகிரி அது.

அப்புறம் வடக்கே காவிரிக்கு நடங்கள். கல்லூரி ஆற்றங்கரையில் இருக்கிறது. இப்போது பாலம் உண்டு. ராமானுஜன் காலத்தில் மாணவர்கள் படகில் போய் வருவார்களாம். 1854-ல் பள்ளிக்கூடமாக ஆரம்பித்து, 1867-ல் கல்லூரியானது. 'தென்னாட்டின் கேம்பிரிட்ஜ்' என்று பட்டப் பெயர். போர்ட்டர் என்ற வெள்ளைக்கார முதல்வரின் பேரில் ஊருக்குள் ஒரு டவுன் ஹாலே இருக்கிறது. மரம், நிழல், ஆறு. படிக்கவும் ஏற்ற இடம், படிக்காமல் இருக்கவும் ஏற்ற இடம்.

இந்தக் கல்லூரிக்கு 1904-ல் ஸ்காலர்ஷிப்போடு வந்து சேர்ந்தார் ராமானுஜன். டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கிய கையோடு வந்தவர். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனசு போகவில்லை. இங்கிலீஷில் கோட்டை விட்டார். ஸ்காலர்ஷிப் போயிற்று. 1905-ல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா. சம்பளம் மாசம் 30 ரூபாய். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தின் ஆரம்பத்திலேயே, தான் துறைமுக ஆபீஸில் குமாஸ்தா என்றும் சம்பளம் கம்மி என்றும் அவர் சொல்லிக்கொள்கிறார். 1918-ல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ. 1920-ல், முப்பத்திரண்டே வயதில் போய்விட்டார்.

இந்தக் கதையை எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! ஒவ்வொரு டிசம்பர் 22-ம் தேதியும் யாராவது ஒருத்தர் மைக்கைப் பிடித்து, "உங்களிலும் ஒரு ராமானுஜன் இருக்கலாம்" என்பார். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம். இருப்பதாகத் தெரியவில்லை. எனக்கு அந்தக் கதையில் வேறொரு சந்தேகம். மேதைக்குக் கல்லூரி எதற்கு? அவரை ஃபெயிலாக்கினாலும், கப்பலில் ஏற்றினாலும், குமாஸ்தா நாற்காலியில் உட்கார வைத்தாலும் அவர் ராமானுஜன்தான். என்னை மாதிரி இருபத்து மூன்றாவது ராங்க்குக்கு அல்லவா கல்லூரி வேண்டியிருக்கிறது!

இதற்குப் பதில் அதே கல்லூரியின் இன்னொரு கதையில் இருந்தது. தமிழ் ஸார்தான் சொன்னார். ராமானுஜன் வந்து சேர்வதற்கு ஒரு வருஷம் முன்பு வரை அங்கே வேலை பார்த்தவர் உ.வே.சாமிநாதையர். 1880-ல் தமிழாசிரியராக வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அந்த வருஷம் அக்டோபரில், ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று இவர் பெரிய பட்டியல் போட்டார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, சிலப்பதிகாரம், மணிமேகலை? இவர் அதுவரை அவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை.

அந்தக் கேள்விதான் ஆரம்பம். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. எல்லாம் கும்பகோணத்துக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே செய்த வேலை. முதலியார் அன்றைக்கு 'பேஷ், நிறையப் படித்திருக்கிறீர்கள்' என்று தட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தால்? ஒரு மனுஷனை அவனுக்கே அடையாளம் காட்ட, சில சமயம் வெளியிலிருந்து ஒரு கேள்வி வேண்டியிருக்கிறது.

எங்கள் பி.காம். வகுப்புக்கு வருவோம். என்னையும் சேர்த்து நாலு மணிகண்டன்கள். ஸார்கள் ஊர்ப் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். பாபநாசம் மணி, வலங்கைமான் மணி, திருப்பனந்தாள் மணி. என் ஊர் பெயர் வாயில் நுழையாததால் நான் 'நாலாவது மணி'. எங்கள் காலேஜில் நாலாவது மணி அடித்தால் சாப்பாட்டு நேரம். ஆகவே என்னைக் கூப்பிட்டாலே பையன்களுக்குப் பசிக்கும்.

இரண்டாம் வருஷம் செமஸ்டருக்கு முந்தின வாரம். ஆற்றங்கரை மர நிழலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். பாதிப் பேர் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள். இங்கிலீஷ் புத்தகத்தில் தேய்மானம் என்ற அத்தியாயம் எல்லோரையும் தேய்த்துக்கொண்டிருந்தது. வலங்கைமான் மணி புத்தகத்தை மூடினான். "போடா மாப்ளே, இது நமக்கு வராது."

"இருடா" என்றேன். "எங்க தாத்தா பன்னெண்டாயிரத்துக்கு டீசல் என்ஜின் வாங்குனாரு. பத்து வருஷம் ஓடுச்சு. அப்புறம் தெருவுல 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்'னு ஒருத்தன் வந்தான். அவங்கிட்ட ரெண்டாயிரத்துக்குப் போட்டாச்சு. மிச்சம் பத்தாயிரம் எங்கடா போச்சு? வருஷத்துக்கு ஆயிரம் ஆயிரமா வயல்ல தண்ணியாப் பாஞ்சுடுச்சு. அந்த ஆயிரம்தான் தேய்மானம். பேரீச்சம்பழம்தான் ஸ்க்ராப் வேல்யூ!"

சிரித்தார்கள். "அப்ப பேலன்ஸ் ஷீட்?" என்றான் ஒருத்தன்.

"நடவுக்கு சொசைட்டில வெச்சோமே, எங்க அம்மா சங்கிலி, அது யாருது? நம்மளுது. எங்க இருக்கு? அவங்ககிட்ட. கடன் யாருது? அதுவும் நம்மளுது. சங்கிலி சொத்துப் பக்கம், கடன் பொறுப்புப் பக்கம். கழுத்துல இல்லங்கறதுக்காக ஏட்டுல இல்லாமப் போயிடுமா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அந்த ஏழெட்டு வீட்டிலும் ஒரு சங்கிலி சொசைட்டியில் இருந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல். "தம்பி, இதை எங்க படிச்சே?" அக்கவுண்டன்ஸி ஸார், சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"எங்கயும் படிக்கல ஸார். வீட்டுல நடந்தது."

கொஞ்ச நேரம் பார்த்தார். "எழுதி வை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி எழுதினேன். அதுவரை, என்னிடம் எதுவோ இருக்கிறது என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. கல்லூரி எனக்குச் செய்தது அந்த ஒரு கேள்விதான். முதலியார் கேள்விக்குத் தமிழ்நாட்டுக்குச் சிந்தாமணி கிடைத்தது. எங்கள் ஸார் கேட்டதற்கு உங்களுக்கு இந்தக் கட்டுரைதான் கிடைத்திருக்கிறது. என்ன செய்வது, நஷ்டத்தையும் கணக்கில் காட்டித்தானே ஆக வேண்டும்!

மற்ற மூன்று மணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தன் சென்னையில் ஆடிட்டர் ஆபீஸில். ஒருத்தன் திருப்பூரில் பனியன் கம்பெனி கணக்கு. ஒருத்தன் சிங்கப்பூரில். 2011-ல் நாங்கள் வெளியே வந்தோம். மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறப்பது வழக்கம். திறந்தால்தான் ஆற்றுப் பாசனத்தில் குறுவை. 2012-லிருந்து 2019 வரை, எட்டு வருஷம், அந்தத் தேதி தவறிக்கொண்டே போயிற்று. 2020-ல்தான் மறுபடி ஜூன் 12-ல் திறந்தார்கள். அந்த எட்டு வருஷம் எங்கள் தெருவில் பல வீடுகளில் உலை கொதித்தது, இப்படி வெளியூரில் கணக்கு எழுதப் போன சாதாரணப் பிள்ளைகள் மாசாமாசம் அனுப்பிய பணத்தில்தான். சொசைட்டியிலிருந்து சங்கிலிகள் திரும்பி வந்ததும் அந்தப் பணத்தில்தான். இதற்கெல்லாம் யாரும் மைக் பிடித்துப் பேச மாட்டார்கள். தேவையும் இல்லை.

சி.ஆர். 1009-ல் இப்போது 'சப்-1' என்று ஒரு வகை வந்திருக்கிறது. வெள்ளத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும். தண்ணீர் வடிந்ததும் தலையைத் தூக்கும். நினைவிருக்கட்டும், அது பொது ரகம். இட்லிக்குப் போட்டுப் பாருங்கள், மல்லிகைப் பூவாக வரும்.

விலையையும் பார்த்துவிடலாம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை தனி. வித்தியாசம் இருபது ரூபாய். கிலோவுக்கு இருபது காசு. இருபத்தைந்து காசும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011-லேயே செல்லாது என்று ஆகிவிட்டன. ஆக, உயர்ந்ததற்கும் சாதாரணத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு செல்லாத காசு!

கும்பகோணம் போகிறவர்கள் அட்மிஷன் நேரமாகப் பார்த்துப் போங்கள். பாலத்தின் மேல் அப்பாக்களும் பையன்களுமாக வருவார்கள். பையன் கையில் மார்க் ஷீட், அப்பா கையில் மஞ்சள் பை. அதில் ஒருத்தன் ராமானுஜனாக இருக்கலாம். அவனைப் பற்றிக் கவலை வேண்டாம், அவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான். மற்ற பையன்களில் யாராவது பக்கத்தில் வந்து நின்றால், "எந்த குரூப், எவ்வளவு மார்க்" என்று கேட்காதீர்கள். "உனக்கு என்ன நல்லா வரும் தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள்.

உடனே பதில் வராது. பரவாயில்லை. சி.ஆர். 1009-க்கே ஐந்து மாசம் ஆகிறது.