லிட்டர் எடையில் தெரியும் மழை

குத்தூசியைச் சாக்கில் செருகி உருவினால் ஒரு பிடி மிளகு வரும். முகர்ந்து பார்த்து, ஒன்றிரண்டை உடைத்துவிட்டு, லிட்டர் குவளையில் கொட்டித் தலைதட்டி நிறுப்பேன். 550 கிராம் நின்றால் ஏற்றுமதிச் சரக்கு. கொச்சியின் மட்டாஞ்சேரிக் கிட்டங்கிகளில் இந்த எடையை வைத்துத்தான் விலை பேசுகிறார்கள். எனக்கோ இடுக்கி மலையில் போன ஜூனில் பெய்த மழையே அதில் தெரியும்.

மிளகுப் பூவுக்கு வண்டைவிட மழைதான் உதவி. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில் கொடி தளிர்த்துப் பூத்திரி நீட்டும். திரியில் வழியும் நீரோடு மகரந்தம் மேலிருந்து கீழே இறங்கும். அந்த நேரத்தில் மழை விட்டு வெயில் காய்ந்தால் திரி உதிர்ந்துவிடும். தப்பிய திரியிலும் மணி இடைவெளி விட்டுத்தான் பிடிக்கும். அந்த வருஷச் சரக்கில் பொக்கு அதிகம்; லிட்டர் எடை இறங்கிவிடும். சுளகில் புடைக்கும்போதே பறக்கும்.

மழை கொட்டினால் மட்டும் நல்லதா? 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு, வேரில் நீர் நின்ற தோட்டங்களில் கொடிகள் வாட்டநோயில் கொத்தாகக் கருகின. உலர்த்தும் மாதத்தில் மழை வந்தால் பூஞ்சை வேறு.

மலைக்காரர்கள் இதற்கெல்லாம் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரே தோட்டத்தில் கரிமுண்டா, நாராயக்கொடி, நீலமுண்டி, கொட்டநாடன் என்று பல மிளகு ரகங்களைக் கலந்து, பலாவிலும் கல்யாண முருங்கையிலும் ஏற்றினார்கள். கரிமுண்டா நிழலைத் தாங்கும்; நீலமுண்டி வாட்டத்துக்குச் சற்று ஈடுகொடுக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும். 1971-இல் பன்னியூர்-1 ரகம் வந்தது. நீளத் திரி, பருத்த மணி; ஆனால் அடர்நிழல் ஆகாது. குறை சொல்ல மாட்டேன், 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் பெருமணிக்கு நாங்கள்தானே கூடுதல் விலை கொடுத்தோம்! 2005-ஐ ஒட்டிக் குளவிப்பூச்சி தாக்கிக் கல்யாண முருங்கையும் பட்டுப்போனது. அந்த இடத்தில் இப்போது சில்வர் ஓக்.

1957-இல் வணிகர் சங்கம் தொடங்கி மிளகுக்கு முன்பேரம் நடத்திய ஊர் மட்டாஞ்சேரி. இங்கே மலையில் மழை பொய்த்தது என்றால் முதலில் கேட்கும் கேள்வி, விலை எவ்வளவு ஏறும் என்பதுதான்.

கொட்டநாடன் கலந்த பழைய தோட்டத்துச் சரக்கு வந்தால் நான் தனியாக அடுக்குகிறேன். அதில் காரச்சத்து அதிகம். மிளகுச் சத்தைப் பிரித்தெடுக்கும் ஓலியோரெசின் ஆலைக்காரர்கள் சத்தைச் சோதித்து விலை சொல்வார்கள். லிட்டர் எடை குறைந்தாலும் பேரம் படியும். கிட்டங்கியில் இடம் அடைகிறதே என்று முதலாளிக்கு முணுமுணுப்பு உண்டு.