அரியலூர்க் கடல் உன் வீட்டுச் சுவரில்

பெரம்பலூர்,
மார்கழிக் கடைசி வாரம்

அன்புள்ள மல்லிகா,

பாசி பார்க்க யாராவது பெரம்பலூருக்குப் போவார்களா என்று போனில் கேட்டாய். கொடைக்கானலுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டாய். செண்பகனூரில் இருந்த ஃபோரோ என்ற பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார் பழனி மலைகளின் மாஸ் என்ற பாசி வகைகளைச் சேகரித்து, 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் பட்டியலாக வெளியிட்டார். பாசி ஆர்வலர்கள் பெரும்பாலும் அந்தக் குளிர்ப் பக்கமாகத்தான் போகிறார்கள்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் கல். மேற்கே பச்சைமலையும் அதன் அடிவாரமும் சார்னோகைட், நைஸ் என்ற கடும்பாறை. வயது இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். கிழக்கே அரியலூர்ப் பக்கம் டைனோசர் காலத்தில் கடல் நின்ற நிலம். தோண்டினால் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் வரும். நடுவே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். வெயிலில் பெரிய வித்தியாசமில்லை, மழையிலும் அப்படித்தான். கல் மாறினால் அதன்மேல் முளைக்கும் மாஸும் மாறுமா என்று பார்க்க ஆசை.

முதலில் லாடபுரம் தாண்டி மயிலூத்து அருவிக்குப் போனேன். பருவமழை ஓய்ந்துவிட்டதால் தண்ணீர் கொஞ்சம்தான். நம் ஊரில் பச்சையாக ஒட்டியிருப்பதெல்லாம் பாசிதான், ஆனால் அந்த ஒரே பாறையில் மூன்று தனி உயிர்கள் இருந்தன. தண்ணீர் ஓடும் இடத்தில் காலை வாரிவிடுவது ஆல்கா. சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் படர்ந்திருப்பது லைக்கன். பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உயிர், பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் லைக்கன்தான். சாரல் மட்டும் படுகிற பாறை மடிப்பில், குட்டித் தண்டும் இலையுமாக நெருக்கியடித்து நிற்பதுதான் மாஸ். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இலைகள் இரண்டே வரிசையில் தட்டையாக இருந்தன. ஒவ்வோர் இலையின் அடியும் இரண்டாகப் பிளந்து தண்டைக் கவ்வியிருந்தது. இந்த அடையாளம் போதும், ஃபிஸ்ஸிடென்ஸ் பேரினம்.

மாஸுக்கு உண்மையான வேர் கிடையாது. வேரிகள் என்ற மெல்லிய இழைகள் பிடிமானத்துக்குத்தான். நீரைக் கொண்டுபோகும் குழாய்கள் நம் செடிகளில் இருப்பதுபோல வளரவில்லை. பெரும்பாலான மாஸ்களில் இலை ஒரே செல் தடிமன், அதன் வழியாகவே குடிக்கிறது. ஆண் செல் பெண் செல்லிடம் நீந்தித்தான் போக வேண்டும் என்பதால் இனப்பெருக்கத்துக்கும் ஒரு படலம் தண்ணீராவது வேண்டும். ஆகவே ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை என்பதைவிட, பெய்த மழை எந்த மூலையில் எத்தனை நாள் தங்குகிறது என்பதுதான் அதற்கு முக்கியம். வறண்ட மாவட்டத்திலும் அப்படிப்பட்ட மூலைகள் ஏராளம்.

வகைப்பாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாஸ் அடங்கும் பிரையோஃபைட்டு என்ற தாவரக் குழுவில் மூன்று பெரும் பிரிவுகள்: லிவர்வோர்ட், ஹார்ன்வோர்ட், மாஸ். லிவர்வோர்ட்டுக்கு அருவி தேடிப் போக வேண்டியதில்லை; லாடபுரத்து ஈர வரப்பில் ரிக்சியா தரையோடு தரையாக வட்டம் வட்டமாகக் கிடந்தது. மாஸ்களில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12,000 இனங்கள். இவற்றைப் பிரிக்க வழி காட்டியவர் லைப்சிக் நகரில் மருத்துவராக இருந்த ஹெட்விக். அவர் இறந்தபின் 1801-இல் வெளிவந்த நூல்தான் இன்றும் பெரும்பாலான மாஸ் பெயர்களுக்குத் தொடக்கப் புள்ளி. அவர் பார்த்தது பல்லை. மாஸின் உச்சியில் ஒரு காம்பு எழும்பி, நுனியில் வித்துப்பை இருக்கும். மூடி கழன்றதும் வாயைச் சுற்றிப் பற்கள் தெரியும். ஈரம் ஏறி இறங்க அவை அசைந்து வித்துகளை வெளியே விடும். பிரையம் என்ற மாஸில் பதினாறு பதினாறாக இரண்டு அடுக்கு. மலைக்காடுகளின் பாலிட்ரைக்கத்தில் 32 அல்லது 64. ஸ்ஃபேக்னத்துக்குப் பல்லே இல்லை. காய்ந்த பையின் உள்ளே காற்று அழுந்தி மூடி தெறித்துப் போகும். அது தனி வகுப்பு. அமிலத் தன்மையுள்ள சதுப்பில் வாழ்வது, சுண்ணாம்பு அதற்கு ஆகாது. நான் இங்கே பார்த்த மாஸ்கள் எல்லாமே மிகப் பெரிய வகுப்பான பிரையாப்சிடாவுக்குள் அடங்கிவிட்டன.

அடுத்துப் போன ரஞ்சன்குடி கோட்டையில்தான் கதை சுவாரசியமானது. கோட்டை நிற்பது கடும்பாறை நிலத்தில், மதிலும் அதே கல். வெயில் அடிக்கும் கல் முகத்தில் லைக்கன் தவிர ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே, சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் சுவரின் வடக்கு முகத்தில், காரை உதிர்ந்த வெடிப்பெல்லாம் கரும்பச்சைக் கோடுகள். தொட்டால் பொரபொரவென்று காய்ந்திருந்தது. பாட்டிலில் இருந்த தண்ணீரைச் சில சொட்டு விட்டேன். வெற்றிலைச் சுருள் பிரிவதுபோல ஒவ்வோர் இலையாகப் பிரிந்து, சில நிமிடத்தில் முழுப் பச்சையாகிவிட்டது. ஹையோஃபிலா. சுண்ணாம்பை விரும்பும் மாஸ். காய்ந்தால் இலையின் இரு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டுகொள்ளும். உயிர் போகாமலே உலர்ந்து, ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். அதன் வித்துப்பையில் பற்களும் கிடையாது. பல்லை மட்டும் நம்பினால் எங்கே வைப்பது என்று திண்டாட வேண்டியதுதான். இலையின் செல்களைப் பார்த்துத்தான் பாட்டியேசி குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

கடும்பாறை நாட்டில் சுண்ணாம்பு மாஸ் எப்படி வந்தது? கொத்தனார் கொண்டுவந்த சுண்ணாம்போடு வந்தது. கடும்பாறைக்கு ஒன்று, சுண்ணாம்புக்கு ஒன்று என்று நான் இரண்டு நிறத்தில் வரைந்து வைத்திருந்த வரைபடம் அங்கே கலைந்துவிட்டது.

கிழக்கே போகும் வழியில் சாத்தனூர் கல்மரத்தைப் பார்த்தேன். 1940-இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, 18 மீட்டர் நீளம், கூம்புத் தாவர இனம். அந்த மரம் உயிரோடு நின்ற காலத்திலேயே மாஸ்கள் மிகப் பழைய குடிகள். முப்பது கோடி ஆண்டுக்கு முந்தைய மாஸ் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. காரை கிராமத்தின் களிமண் ஓடைகளில் தேடியும் ஒரு பச்சைப் புள்ளி இல்லை. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து போகும் சரிவில் எந்த மாஸ் வேரி ஊன்றும்?

கங்கைகொண்ட சோழபுரத்தில் விமானத்தின் கருங்கல்லில் மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகளைப் பார்த்து, பாசி என்று பலர் சொல்லிப் போனார்கள். அது பெரும்பாலும் சயனோபாக்டீரியா. மாஸைவிடக் கடுமையான வெயிலைத் தாங்கும். மாஸ் பார்க்க வேண்டுமென்றால் மாளிகைமேட்டுக்குப் போ. தொல்லியல் துறை தோண்டி வெளிக்கொணர்ந்த சோழர் அரண்மனைச் செங்கல் சுவர்கள் அங்கே உள்ளன. செங்கல் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், குழிக்குள் காற்றும் குறைவு. நிழல் விழும் வரிகளில் ஹையோஃபிலாவும் பார்புலா என்ற இன்னொரு மாஸும் மெத்தையாக இருந்தன. லென்ஸால் பார்த்ததோடு சரி, கிள்ளி எடுக்கவில்லை, பாதுகாக்கப்பட்ட இடம்.

அரியலூர் ஊருக்குள் தெருச் சாக்கடையின் சிமென்ட் விளிம்பில் வெள்ளி நிறத்தில் மின்னியது பிரையம் அர்ஜென்டியம். இலை நுனிச் செல்களில் பச்சையம் இல்லாததால் அந்த வெள்ளி. அண்டார்டிகாவிலும் இருக்கிறது, அரியலூர்ச் சாக்கடையிலும் இருக்கிறது.

சிமென்ட் லாரிகள் வரிசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. கல்லுக்கு ஏற்ப மாஸ் மாறத்தான் செய்கிறது, ஆனால் கல்லே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. புதுக் கான்கிரீட்டின் காரம் கடுமையானது, எதுவும் ஒட்டாது. ஆண்டுகள் போகப் போகக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதன் மேற்பரப்பைக் கால்சியம் கார்பனேட் ஆக்கிவிடும். வேதியியல்படி அது சுண்ணாம்புக்கல்தான். அரியலூரில் படிந்த பழைய கடல், மூட்டை மூட்டையாகத் தமிழ்நாடு முழுக்கப் போய், சுண்ணாம்பு மாஸுக்கு இடம் போட்டுக் கொடுக்கிறது.

அதனால் உன் வீட்டிலேயே ஆரம்பி. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள். வடக்குப் பக்க சன்ஷேடின் அடி, மொட்டைமாடித் தொட்டி கசியும் இடம், கிணற்றுத் திட்டு ஆகிய மூன்றையும் பார். காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்துக் காத்திரு. இலை சுருள் பிரிகிறதா, நுனி வெள்ளியாக இருக்கிறதா, வித்துப்பையில் பல் இருக்கிறதா என்று எழுது. பெயிண்ட் அடிக்க ஆள் வருவதற்கு முன்னால் பார்த்துவிடு.

அன்புடன்,
வசந்தி