மலை ரயிலில் தம்பியின் கூட்டாளிகள்

இந்த முறை ஒரு பயணக் கதை. 2023 பிப்ரவரியில் நாங்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு முதுகுப்பையுடன் ஊட்டிக்குப் போய் வந்தோம். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஐந்து பேரில் காது கேட்பவன் நான் ஒருவன்தான். மற்ற நாலு பேரும் என் தம்பியின் கூட்டாளிகள்.

முதலில் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை விட மூன்று வயது இளையவன். பிறவியிலேயே காது கேளாது. ஊரில் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத மனம் வரவில்லை, உங்களுக்கே தெரியும். விஸ்வநத்தத்தில் பிறந்தவனுக்குப் பட்டாசு வேலை வாசலிலேயே காத்திருக்கும். ஆனால் அப்பா அவனை மட்டும் அந்தப் பக்கம் விடவில்லை. "ஓடுன்னு கத்துனா அவனுக்குக் கேக்குமாய்யா?" என்பார். அதனால் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் கட்டிங் மெஷினுக்குப் போனான். காலண்டர் சீசனில் ராப்பகல் வேலை. மெஷின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே எங்கே கோளாறு என்று காட்டிவிடுவானாம். தீபாவளிக்கு அணுகுண்டு வெடிக்கும்போது நாங்கள் காதைப் பொத்திக்கொள்வோம். அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சிரிப்பான்.

வெளியூரில் ஒரு விடுதிப் பள்ளியில் எட்டாவது வரை படித்தான். அங்கே கையால் பேசினால் அடி. வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால்தான் பேச வேண்டும். இது அந்தப் பள்ளியின் பழக்கம் மட்டும் இல்லை. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு மாநாடு கூடி, கைமொழி கூடாது, வாய்ப்பேச்சுதான் சிறந்தது என்று முடிவெடுத்தது. உலகத்தின் பல பக்கங்களில் வாத்தியார்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். 2010இல்தான் கனடாவின் வான்கூவரில் கூடிய மாநாடு அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. அதற்குள் என் தம்பிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

வீட்டிலும் நாங்கள் அதே தப்பைத்தான் செய்தோம். "கையை ஆட்டாத, வாயைத் திற" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். விடுதியில் பையன்கள் வாத்தியாருக்குத் தெரியாமல் தங்களுக்குள் பழகிய கைமொழியோடு அவன் ஊருக்கு வந்தான். அதை எங்கள் வீட்டில் ஒருவரும் கற்றுக்கொள்ளவில்லை. நான் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்தவன். எந்த ஊரில் யார் பேச வேண்டுமென்றாலும் இணைத்துக் கொடுத்தேன். கூடப் பிறந்தவனோடு எனக்கிருந்த பேச்சு இருபது சைகைக்குள் அடக்கம். சாப்பிட்டாயா, பணம் வேண்டுமா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நாளைக்குக் கோயில். அவ்வளவுதான்.

2019இல் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டான். துக்கத்துக்கு மதுரை, கோவில்பட்டி, சாத்தூர் என்று பல ஊர்களிலிருந்து காது கேளாதவர்கள் வந்து பந்தலில் நின்றார்கள். கையால் பேசிக்கொண்டே அழுதார்கள். ஒருவர் என் தோளைத் தொட்டுத் திருப்பி, அவனைப் பற்றி ரொம்ப நேரம் ஏதோ சொன்னார். ஒரு வார்த்தை புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அன்றைக்குப் பட்ட வெட்கம் எனக்குப் போதும்.

அதற்குப் பிறகுதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். டெல்லியில் இந்திய சைகை மொழிக்கென்று அரசு மையம் ஒன்று இருக்கிறது. 2018இல் 3000 சொற்களோடு அது ஒரு அகராதி வெளியிட்டது. 2021இல் அது 10,000 சொற்களானது. கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைப் பார்த்துப் பழகிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பியின் கூட்டாளிகள் கூடுகிற டீக்கடைக்குப் போவேன். நான் காட்டுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நம் பக்கத்துக் கைமொழியில் பல சொல் வேறு மாதிரி. டெல்லித் தமிழன் சிவகாசியில் வந்து பேசுகிற மாதிரி இருந்திருக்கும் போல.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஆள் ஒரு சைகைப் பெயர் வைத்துவிடுவார்கள். ஒருவருக்குக் கன்னத்து மச்சம்தான் பெயர். ஒருவர் மீசை. டெய்லர் ஒருவருக்குக் கழுத்தில் தொங்கும் டேப்பு. நாலாமவர் ஓயாமல் தலை சீவுகிறவர், அவர் சீப்பு. எனக்குக் கண்ணாடி என்று வைத்தார்கள். மலை ரயிலில் போக வேண்டும் என்பது தம்பியும் அவர்களும் வெகு காலமாகப் போட்டிருந்த திட்டம். அவன் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் பஸ் மாறி மாறி மேட்டுப்பாளையம் போய் ஒரு லாட்ஜில் தங்கினோம். காலையில் ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் ஓடத் தொடங்கிய பாதை. கல்லாறு தாண்டியதும் மச்சக்காரர் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் ஊன்றினார். "அதிர்வு மாறிவிட்டது, கீழே பல்சக்கரம் கடிக்கிறது" என்று காட்டினார். சரிதான். அங்கேதான் தண்டவாளத்துக்கு நடுவில் பல்வரிசை தொடங்குகிறது. அதில் என்ஜினின் பல்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறும். என்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது என்பதையும் அவரே சொன்னார். இரண்டு காதும் நன்றாக இருக்கிற எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பாதையில் 16 குகைகள். குகைக்குள் நுழைந்ததும் பெட்டியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்துவார்கள். எங்கள் ஆட்களுக்கு இருட்டு வந்தால் பேச்சு நின்றுவிடும். முதல் குகையில் என்ன செய்வது என்று நான் விழிக்கும்போது, பக்கத்தில் இருந்த மீசைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். அடுத்த குகைக்கு நானே கையை நீட்டினேன்.

மறுநாள் ஊட்டியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்குப் போனோம். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த நிலையில் உள்ள தொல்குடிகள் என்று அரசு கணக்கில் வைத்திருப்பது ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். அந்த மக்கள் புழங்கிய பொருள்களும் போட்டோக்களும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர்கள் வீடுகளின் மாதிரிகளையும் கட்டி வைத்திருக்கிறார்கள்.

டெய்லர் தோடர்களின் பூத்துக்குளி போர்வை முன்னால் நின்றவர் நகரவே இல்லை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை. கோடு போட்டுக்கொண்டு தைப்பதில்லை, நெசவின் இழைகளை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே விரலை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு தைத்தவளுக்கு என்று புரிந்தது.

பிறகு தோடர் வீடு. பாதிப் பீப்பாயைக் கவிழ்த்து வைத்த மாதிரி மூங்கிலும் பிரம்பும் புல்லும் வைத்துக் கட்டியது. வாசல் தவழ்ந்து போகிற உயரம்தான். ஜன்னல் கிடையாது. குனிந்து எட்டிப் பார்த்தால் உள்ளே இருட்டு. தோடர்கள் மொத்தமே சுமார் 2000 பேர், அவர்கள் மொழிக்கென்று பழைய எழுத்து ஏதும் இல்லை என்று எனக்குத் தெரிந்ததை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். சீப்புக்காரர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த இருட்டு வீட்டில் என்னை மாதிரி ஒரு பிள்ளை பிறந்திருந்தால், அவனோடு எப்படிப் பேசியிருப்பார்கள்?"

அங்கிருந்த பணியாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை சார்" என்றார். நான் அதை அப்படியே கையால் சொன்னேன். சீப்புக்காரர் தலையசைத்துவிட்டு வீட்டைச் சுற்றிவரப் போய்விட்டார். எனக்கு அங்கிருந்து நகர முடியவில்லை. எங்கள் வீட்டில் ஜன்னல் இருந்தது, விளக்கு இருந்தது. அப்படியும் நாங்கள் பேசவில்லையே.

ஊர் திரும்பியதும் மெல்பர்னில் இருக்கும் மகளிடம் போனில் இதைச் சொன்னேன். அவள் தேடி எனக்கு ஒரு விஷயம் அனுப்பினாள். மத்திய ஆஸ்திரேலியாவில் வால்பிரி என்று ஒரு ஆதிகுடி. அவர்களில் கணவனை இழந்த பெண் மாதக்கணக்கில், சில சமயம் வருஷத்துக்கு மேலும், வாய் திறந்து பேச மாட்டாள். நெருங்கிய உறவுப் பெண்களும் அந்த மௌனத்தைக் காப்பதுண்டு. ஆனால் பேச்சு நிற்காது. எதையும் சொல்லக்கூடிய முழுமையான கைமொழி அவர்களிடம் இருக்கிறது. ஆடம் கெண்டன் என்ற அறிஞர் 1988இல் ஆஸ்திரேலிய ஆதிகுடிகளின் கைமொழிகளைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். காது நன்றாகக் கேட்கிற மக்கள், துக்கத்துக்காகக் கையால் பேசக் கற்றவர்கள்.

அடுத்த ஞாயிறு டீக்கடையில் இதை நாலு பேருக்கும் சொன்னேன். தடுமாறித்தான் சொன்னேன். இவ்வளவு நீளமாக ஒரு விஷயத்தைக் கையால் நான் சொன்னது அதுவே முதல் தடவை. முடித்ததும் யாரும் அசையவில்லை. பிறகு மீசைக்காரர் மற்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உனக்குக் கண்ணாடி என்பது நாங்கள் வைத்த பெயர். உன் தம்பி வைத்த பெயர் வேறு" என்றார்.

காட்டச் சொன்னேன். தயங்கித் தயங்கிக் காட்டினார். போன் ரிசீவரைக் காதில் வைப்பது போல ஒரு கை. கூடவே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வது.

டீ ஆறிக்கொண்டிருந்தது. கண்ணாடியே இருக்கட்டும், அது நல்ல பெயர் என்று டெய்லர் சமாதானம் சொன்னார். வேண்டாம், அவன் வைத்ததையே வைத்துக்கொள்கிறேன் என்றேன். இப்போது அவர்கள் என்னை அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் முகத்தைத் திருப்புவதை மட்டும் விட்டுவிட்டார்கள். அப்படிச் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை.