மழையில் நிற்காத டிவி

 

2024 நவம்பர் 30 இரவை நம் புதுச்சேரிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் நம் ஊர் அருகே கரையைக் கடந்து, பிறகும் நகராமல் பல மணி நேரம் நின்று கொட்டியது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இருந்ததால் டிவி ஓடியது. ஆனால் திரையில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும்தான். செல்போனிலும் டவர் இல்லை.

அம்மாவுக்கு 86 வயது. 2011 தானே புயலில் பக்கத்து வீட்டுக் கூரை பறந்ததைப் பார்த்தவர். விடிய விடிய "புயல் போயிடுச்சாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 31 வருடம் இயற்பியல் நடத்திய என்னிடம் பதில் இல்லை.

மழை விட்டதும் யோசித்தேன். வீட்டு டிஷ் பிடிப்பது கேயூ பேண்ட். அலைநீளம் சுமார் இரண்டரை செ.மீ. கனமழை அதை விழுங்கிவிடும். கேபிள்காரர்கள் பெரிய குடையில் பிடிக்கும் சி பேண்ட் அலையின் நீளம் சுமார் ஏழரை செ.மீ. மழை அதை அவ்வளவாகத் தடுக்காது. ஆனால் ஆறடி, எட்டடிக் குடை வைக்க மாடியில் இடமில்லை. மூலையில் கிடந்தது பழைய மூன்றடி ஆஃப்செட் டிஷ் ஒன்றுதான்.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய சி பேண்ட் எல்என்பி வாங்கினேன். டிஷ்ஷின் கைக்கு அது பருமன். ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினேன். பாக்ஸில் ஆஸிலேட்டர் எண்ணை 5150 என்று மாற்றினேன். குறி வைத்தது 83 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-30. நம் ஊரிலிருந்து பார்த்தால் அது அடிவானத்திலிருந்து சுமார் 75 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேல். டிஷ்ஷையும் 75 டிகிரிக்குச் சாய்த்தேன். இரண்டு நாள் சாயங்காலம் போனது. சிக்னல் பூஜ்யம்.

கேபிள் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவனை அழைத்தேன். பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"சார், இது முழுக் குடை இல்ல. பெரிய குடையோட ஓரத்துல வெட்டி எடுத்த துண்டு. அது நிமிர்ந்து நிக்கற மாதிரி தெரியும், ஆனா பார்க்கறது இன்னும் மேல."

டிஷ்ஷை 50 டிகிரிக்கு இறக்கினான். தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே திருப்பினான். பிறகு எல்என்பியின் தட்டையான வளையத்தைக் கழற்றினான். "இது பெரிய குடைக்கு உள்ளது, அகலமா பார்க்கும். இந்தச் சின்ன டிஷ்ல வெச்சா டிஷ்ஷைத் தாண்டி மாடித் தரையையும் சேர்த்துப் பார்க்கும். தரையோட சூடெல்லாம் இரைச்சலா உள்ள வரும் சார்." அதற்குப் பதில் கூம்பு வடிவ வளையம் ஒன்றை மாட்டி, எல்என்பியை ஒரு செ.மீ. முன்னே பின்னே நகர்த்தி, மெல்லத் திருகினான். தரம் 22 வந்தது. பிறகு 47. படம் வந்துவிட்டது!

கரும்பலகையில் எத்தனை பரவளையம் வரைந்திருப்பேன்! குவியத்தை எப்போதும் நடுக்கோட்டில்தான் வைத்தேன். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டினாலும் குவியம் அதே இடத்தில்தான் இருக்கும் என்பதைக் கணக்காக அறிவேன். கையால் அறிந்தவன் அவன்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மூன்றடி டிஷ்ஷின் பரப்பு ஆறடிக் குடையில் கால் பங்குதான். அதன் பார்வையும் கிட்டத்தட்ட 6 டிகிரி அகலம் என்பதால் பக்கத்துச் செயற்கைக்கோள்களின் அலையும் கலக்கிறது. வலுவான சில அலைவரிசைகள் மட்டுமே நின்றன. அதில் தமிழ் ஒன்றுகூட இல்லை.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி அடைமழை. வழக்கமான டிவி வழக்கம்போல் போய்விட்டது. இதைப் போட்டேன். இந்திச் செய்தி ஓடியது. அம்மாவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் வரைபடத்தில் சுழன்ற வெள்ளை வட்டத்தைக் கண்ணாடி போட்டு உற்றுப் பார்த்தார்.

"கடல்லயேதான் நிக்குது" என்றார். போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார்.

உங்கள் மாடியிலும் பழைய டிஷ் கிடந்தால், காயலான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள்.