அப்பா தொடவில்லை

"நீங்கள் எதையாவது அமத்தியிருப்பியள் அப்பா."

கொழும்பிலிருந்து இரண்டு தரமும் போனில் இதைத்தான் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் எங்கட வீட்டுத் தண்ணி மோட்டர் நடுச்சாமத்தில் தானாக ஓடி, தாங்கி நிரம்பி வழிந்து முற்றமெல்லாம் வெள்ளம். "நான் ஒண்டையும் தொடேல்லயடா" என்றார். இரண்டாம் தரம், "உது வேண்டாம், நான் பழையபடி சுவிட்சில போடுறன்" என்றும் சொன்னார். அதுதான் சுட்டது. முழங்கால் வருத்தத்தோடு அவர் கிணத்தடிக்கு நடக்கக்கூடாதென்றுதான் இதைப் பூட்டிக் கொடுத்திருந்தேன்.

ஏற்பாடு சின்னதுதான். தாங்கிக்குள் ஒரு மிதவை. அதன் வயர் வந்து சேருகிற, தூணில் பூட்டிய வைஃபை பெட்டி. தண்ணி இறங்கினால் 'குறைவு', ஏறினால் 'நிறைவு' என்று அது செய்தி அனுப்பும். செய்தியை வாங்கிக் கொடுக்கிற தபால்காரன் மொஸ்கிற்றோ. ராஸ்பெரி பையில் ஓடும் ஹோம் அசிஸ்டன்டில் நான் இறக்கிப் போட்ட பிளகின் அதைக் கேட்டு மோட்டரைப் போடும், நிப்பாட்டும்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவது என்று முடிவெடுத்தேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரிவந்தது என்று தெரியாமல் போய்விடும்.

முதலில் ரிலே. போனில் அமத்திப் பத்துத் தரம் போட்டு நிப்பாட்டினேன். பிழையில்லை.

அடுத்தது, ஹோம் அசிஸ்டன்டை சேஃப் மோடில் திரும்பத் தொடங்கினேன். அதில் நாங்கள் வெளியிலிருந்து சேர்த்த பிளகின்கள் ஓடாது. மோட்டர் அசையவில்லை. வழமைபோலத் தொடங்கினால் உடனே ஓடியது. கள்ளன் பிளகின்தான் என்று அதை அழிக்கப் போனேன். அழிக்கமுதல், பெட்டி அனுப்புவதுபோல நானே 'நிறைவு' என்றொரு செய்தியை அனுப்பிப் பார்த்தேன். மோட்டர் நின்றது. பிளகின் சொன்னதைத்தான் செய்கிறது. அப்ப 'குறைவு' என்று சொன்னது ஆர்?

பெட்டியின் வயரைக் கழற்றப் போனால், அதில் வெளிச்சமே இல்லை. அடாப்டர் எரிந்திருந்தது. ஆனாலும் கணினியில் மொஸ்கிற்றோவைக் கேட்கத் தொடங்கிய அடுத்த கணமே 'குறைவு' என்று வந்து விழுந்தது. செத்த பெட்டி எப்படிப் பேசும்?

பிழை என்னுடையது. செய்தி அனுப்பும்போது 'ரிடெய்ன்' என்றொரு தெரிவைப் போட்டிருந்தேன். அது இருந்தால் கடைசிச் செய்தியைத் தபால்காரன் பத்திரப்படுத்தி, புதிதாக வந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுப்பான். தாங்கி குறைந்திருந்த நேரம் கரண்ட் போய், வந்த வேகத்தில் பெட்டி எரிந்திருக்கிறது. அதன் கடைசிச் சொல் 'குறைவு'. பிறகு ஒவ்வொரு தரம் கரண்ட் வந்து ராஸ்பெரி பை எழும்பும்போதும் பிளகின் அந்தப் பழைய செய்தியை நம்பி மோட்டரைப் போட்டது. 'நிறைவு' சொல்லத்தான் ஆளில்லை.

வெறுஞ்செய்தி ஒன்றை ரிடெய்னோடு அனுப்பிப் பழையதை அழித்தேன். பெட்டியில் அந்தத் தெரிவை எடுத்துவிட்டு, புது அடாப்டர் போட்டேன். என்ன நடந்தாலும் 25 நிமிடத்தில் மோட்டர் நிற்கும்படி ரிலேயிலேயே நேரம் வைத்தேன்.

எல்லாவற்றையும் அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பெட்டியில வெளிச்சம் இல்லையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"ஏன் சொல்லேல்ல?"

"நீ எங்க கேட்டனீ?"

உண்மைதான். இரண்டு தரமும் நான் கேட்டது, எதை அமத்தினீர்கள் என்று மட்டும்தான்.